இரண்டாவது நாற்காலி

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடக் கோபமாக வருகிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

கண் ஆபரேஷன் முடிந்து அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நீ அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். கூடத்து டிவியில் அந்த விமானச் செய்தி ஓடியது. எழுந்தாய், "அக்கா, நான் கிளம்பறேன்" என்றாய், போயே விட்டாய். ஒரு வாய் சாப்பிடவில்லை. அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் தேடியது உன்னைத்தான். என் முகத்தைப் பார்த்து, "நீதானா" என்றார். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

நீ வேலை பார்க்கும் ஏர்போர்ட்டில் விமானம் எரிந்தால் நீ ஓடத்தான் வேண்டும், புரிகிறது. பதினோரு பேர் என்கிறார்கள். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் நல்ல வேளை, நீ அந்த நேரத்தில் கன்ட்ரோல் டவரில் இல்லை. "லீவு கிடைக்காதுக்கா, கிடைக்காதுக்கா" என்று மூக்கால் அழுதாயே. நான் விடாப்பிடியாகக் கூப்பிட்டதால் தப்பித்தாய். இனிமேலாவது அக்கா பேச்சைக் கேள்.

போனில் நான் பேசுவேன், நீ 'ம்' கொட்டுவாய். அதனால் எப்போதும்போல் கடிதமே போடு. அதில்தான் உன் முறையும் வருகிறது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. குனிந்து எதையும் எடுக்கவிடாதே, அவர் கேட்கமாட்டார்.

ஒரு உதவி செய். நான் அன்று அங்கே வந்திருந்ததை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக உன் கடைக்கு வருகிறவர்களிடம். காரணம் பிறகு சொல்கிறேன். போனில் இந்தப் பேச்சே வேண்டாம்.

சொல்லாமல் கிளம்பியதற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன்
தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வருவதற்குள் பாதி ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டேன். உனக்குத் தெரியாதா? அழகு நிலையம் நடத்துகிறவளிடம் ரகசியம் சொல்வதென்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஏன் சொல்லக்கூடாது என்றும் புரியவில்லை. நீ திருடிவிட்டா வந்தாய்?

கடையில் இப்போது வேறு பேச்சே இல்லை. சுவரில் டிவி, அதில் ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஒருவர் ஆள் பற்றாக்குறை என்கிறார். இன்னொருவர் சோம்பேறித்தனம் என்கிறார். தலையில் டையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் டிவிக்குப் பதில் சொல்கிறார். முடி வெட்ட வந்தவர்கள் வெட்டிய பிறகும் போவதில்லை.

அந்த ஜீப் டிரைவரைக் காட்டினார்கள், பார்த்தாயா? பாவம், கையில் கட்டோடு பேசினார். ஓடுபாதையைக் கடக்க அனுமதி வாங்கித்தான் போனாராம். நடுவில் வண்டி நின்றுவிட்டது. "ரெண்டு தடவை கூப்பிட்டேன். டவர்ல யாருமே பதில் சொல்லலை" என்றார். விமானம் இறங்கிவிட்டது. ஜீப்பைப் பார்த்து ஒதுங்கப் போய்ச் சுவரில் மோதியது.

உங்கள் பெரிய அதிகாரி மைக் முன்னால் நின்று, "எங்களிடம் ஆள் பற்றாக்குறை கிடையாது. சம்பவ நேரத்தில் இரண்டு இருக்கையிலும் ஆள் இருந்தது" என்றார். ஒருவர் வானத்தைப் பார்க்கவாம், ஒருவர் தரையைப் பார்க்கவாம். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. வானத்தைப் பார்த்தவர் விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார், சரி. தரையைப் பார்க்க உட்கார்ந்த அந்த இரண்டாவது ஆள் என்ன செய்துகொண்டிருந்தான்? தூங்கினானா? போன் நோண்டினானா? ஜீப்புக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா?

உனக்கு அவனைத் தெரிந்திருக்கும். யார் அவன்? பத்திரிகைக்கு எழுதப்போகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே நல்ல மழை. கொஞ்ச நாளாக வீட்டில்தான் இருக்கிறேன். பால்கனித் தொட்டிகளுக்கு மழையிலும் தண்ணீர் ஊற்றுகிறேன், வேறு வேலை இல்லை.

அப்பாவுக்கு இன்னொரு கண் எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டாயா?

பத்திரிகைக்கெல்லாம் எழுதவேண்டாம், அக்கா.

உன்
தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் எழுதியது அச்சாகியே விட்டது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பெயர், ஊர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். "பணியில் இருந்தும் இல்லாததுபோல் இருந்த அந்த இரண்டாவது நபரைச் சிறையில் அடைத்தால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும்." இந்த வரி எப்படி இருக்கிறது? கடைக்கு வருகிறவர்கள் கை கொடுக்கிறார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே எனக்கு டிப்ஸ் கொடுத்தார், கடை முதலாளிக்கு.

அப்பாவும் படித்தார். மடித்து வைத்துவிட்டு, "அவனுக்கு ஏன் இத்தனை நாள் லீவு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்வி. வேலை செய்கிறவன் வீட்டில் உட்கார்ந்து மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவானா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உண்மையை எழுது.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ சிறையில் போடச் சொன்ன இரண்டாவது ஆள் நான்தான்.

எங்கள் டவரில் இரண்டு நாற்காலி. ஒன்றில் இருப்பவர் விமானங்களோடு பேசுவார். மற்றதில் இருப்பவர் தரையில் போகிற ஜீப், டிராக்டர், டேங்கர் எல்லாவற்றோடும் பேசுவார். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டைச் செருகி, நமக்குக் கொடுத்த எண்ணை அழுத்தினால் மேஜையில் ஒரு பச்சை விளக்கு எரியும். மேலாளர் அறையிலும் அதே விளக்கு எரியும். மேலாளர் என்று பெயர், உட்காருவது கீழ்த்தளத்தில். படி ஏறமாட்டார். விளக்கைப் பார்த்து ஆள் இருப்பதாகக் குறித்துக்கொள்வார்.

மூன்று வருடமாகப் போனவர்களுக்குப் பதில் யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாற்காலி காலி. காலி என்று காட்டினால் மேலிடத்தில் கேள்வி வரும், விமானங்களைக் குறைக்கச் சொல்வார்கள். அதனால் வராதவரின் ஹெட்செட்டையும் செருகி, அவர் எண்ணையும் அழுத்திவிடுவோம். எங்களுக்குள் இதற்கு 'விளக்கேற்றுவது' என்று பெயர். சிரித்துக்கொண்டே செய்வோம். நானும் எத்தனையோ பேருக்காகச் செய்திருக்கிறேன்.

அப்பா ஆபரேஷனுக்கு லீவு கேட்டபோது மேலாளர் சொன்னது இது: "எழுத்துல குடுக்காதப்பா. குடுத்தா ஆள் குறையுதுன்னு தெரிஞ்சிடும். சத்தமில்லாம போயிட்டு வா. லைட் எரிஞ்சா போதும்." அன்று டவரில் இருந்தவர் எங்கள் சீனியர். எதையும் அவசரப்படாமல் பேசுவதால் அவரை 'நிதானம்' என்று கூப்பிடுவோம். அவர்தான் எனக்காக விளக்கேற்றினார். இரண்டு வேலையையும் தனியாகப் பார்த்தார். ஜீப் கூப்பிட்ட நேரத்தில் அவர் இன்னொரு காதில் இரண்டு விமானங்களோடு பேசிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை.

இப்போது கணக்குப்படி நான் அங்கே இருந்தேன். ஜீப்புக்குப் பதில் சொல்லாதவன் நான். மேலாளர் வீட்டுக்கு வந்து, "கவனக்குறைவுன்னு ஒத்துக்கோ. கொஞ்ச நாள் சஸ்பெண்ட், அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன்" என்கிறார். நான் அங்கே இல்லை என்று சொன்னால், பொய்யாக என் எண்ணை அழுத்தியதாக நிதானத்தின் மேல் அதுவும் சேரும். பதினோரு உயிரை ஏற்கெனவே அவர் தலையில் வைத்துவிட்டார்கள். என் ஒரு நாள் லீவுக்காக இதையும் சுமக்க வேண்டுமா?

"அக்கா பேச்சைக் கேட்டதால் தப்பித்தாய்" என்று எழுதியிருந்தாய். நான் வராமல் இருந்திருந்தால் அந்த ஜீப்புக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். பெரிதாக யோசிக்கவெல்லாம் வேண்டாம், இரண்டு வார்த்தை. விமானத்தை மேலே ஏற்று என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் அந்த நாற்காலியின் வேலை.

அப்பாவிடம் சொல்லாதே.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒருவருக்கு டை தடவிவிட்டு நேரம் பார்க்க மறந்துவிட்டேன். அவர் எரிகிறது என்று கத்தியபோதுதான் நினைவு வந்தது. எனக்கும் இரண்டு நாற்காலி. உதவிக்கு இருந்த பெண் நின்று நாளாகிறது. ஆள் இல்லை என்று தெரிந்தால் கூட்டம் வேறு கடைக்குப் போய்விடும் என்று, அவள் நாற்காலியில் ஒரு துண்டும் சீப்பும் போட்டு, "டீ குடிக்கப் போயிருக்கா, வந்திடுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விளக்கு, நான் துண்டு. இந்த லட்சணத்தில் நான் பத்திரிகைக்கு வேறு எழுதினேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். அடிக்க வேண்டுமென்றால் வந்து அடி. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்பன் கண்ணாபரேஷனுக்குப் பிள்ளை வந்தா பிளேன் விழும்னா, தப்பு பிள்ளை மேலயா?" என்றார். அவர் பஸ் ஓட்டிய கடைசிக் காலத்தில் கண்டக்டரை எடுத்துவிட்டு டிக்கெட்டும் நீயே கொடு என்றார்களே, நினைவிருக்கிறதா? சில்லறை கொடுக்கக் குனிந்தபோது ஒரு சைக்கிள்காரர் மேல் மோதாமல் மயிரிழையில் தப்பினாராம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். எனக்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று நானும் நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன். அழுதும் விட்டேன். அதற்குப் பிறகு கோபம்தான் மிச்சம். நீ கை கட்டி நின்று பழியை ஏற்றுக்கொள்வது யாருக்கு நல்லது? உன் மேலாளருக்கு. அந்த மைக் அதிகாரிக்கு. இரண்டு பேர் இருந்தார்கள் என்று நீயே சொல்லிவிட்டால் அவர்கள் காலை ஆட்டிக்கொண்டு தூங்குவார்கள்.

நிதானத்துக்காக என்கிறாய். அவரிடம் கேட்டாயா? கேட்காமலே அவர் சார்பில் நீயே முடிவெடுத்து, நீயே தியாகமும் செய்துகொண்டிருக்கிறாய். முதலில் போய்க் கேள்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவிடம் நீ சொல்வாய் என்று தெரிந்துதான் சொல்லாதே என்று எழுதினேன் போலிருக்கிறது.

நிதானத்தைப் பார்க்கப் போனேன். வாசல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள், யாரோ சுவரில் கரியால் திட்டி எழுதியிருக்கிறார்கள். அவர் மனைவி கதவை அரைவாசி திறந்து என்னைப் பார்த்தார், பிறகுதான் உள்ளே விட்டார். மனிதர் பாதியாகியிருந்தார். மேலாளர் சொன்னதையும், நான் ஒப்புக்கொள்ளப்போவதையும் சொன்னேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "நான் தனியா இருந்தேன். அது ஒண்ணுதான் அன்னிக்கு நடந்ததுல உண்மை. அதையும் நீ எடுத்துட்டுப் போயிட்டா எனக்கு என்னடா இருக்கு? பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டுக் கொன்னவன்னு ஆகணுமா நான்? பொய்யா அழுத்தினேன், ஆமா. அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். ஆனா அந்த நாற்காலி காலின்னு யாராவது சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொல்லு."

கிளம்பும்போது என் கையை விடவே இல்லை.

விசாரணைக் குழுவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். நான் வேறு ஊரில் இருந்தேன் என்று சாட்சி வேண்டுமாம். நீயும் அப்பாவும் வரவேண்டியிருக்கும். இவ்வளவு தூரம் அவரை அலையவைப்பது கஷ்டமாக இருக்கிறது.

உன்
தம்பி


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அப்பா ரயிலில் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. நீ வெளியே உட்கார்ந்திருந்தாய், உள்ளே நடந்தது முழுதாக உனக்குத் தெரியாது.

என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்ததும் விசாரணைக் குழுவின் அந்தக் கோட்டுக்காரர் முதலில் எடுத்து நீட்டியது என்ன தெரியுமா? பத்திரிகையில் வந்த என் கடிதம். "இரண்டாவது நபரைச் சிறையில் அடைக்கணும்னு எழுதினது நீங்கதானே?" நான் ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டாவது நபர் இருந்தார்னு உங்களுக்குத் தெரியும்." "பெரிய அதிகாரி டிவில சொன்னாரு, நம்பினேன்" என்றேன். "இப்ப உங்க தம்பின்னு தெரிஞ்சதும் மாத்திப் பேசறீங்க." அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் தம்பி பாசம் என்று எழுதிக்கொண்டார். என் வாயாலேயே எனக்குக் குழி. தவறாக எழுதிவிட்டேன் என்று பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் போட்டிருந்தேன், அதை அவர்கள் போடவே இல்லை. சிறையில் போடு என்றால் போடுகிறார்கள், நாற்காலி காலி என்றால் இடம் இல்லை.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். "அன்னிக்கு உங்க ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுல புரை. பக்கத்துல இருந்தது மகன்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. "கட்டு கண்ணுல சார், கையில இல்லை. என் கையைப் பிடிச்சிருந்தான்." அந்த மனிதர் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டார். அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

என் கடையில் அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். ஆள் இல்லை, காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் டிவி பார்க்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அறிக்கை வந்ததை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். நாற்காலி காலியாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த வரியைப் படித்ததும் காய்ந்துவிட்டது. "இரு ஊழியர்களும் கூட்டுச் சேர்ந்து நிர்வாகத்தை ஏமாற்றியுள்ளனர்." மேலாளருக்கு ஒன்றுமே தெரியாதாம். ஆள் போதுமா என்பதை ஆராயத் தனிக்குழு போடுவார்களாம். அந்தக் குழுவுக்குக் கணக்குக் கொடுக்கப்போகிறவர் மேலாளர்.

நிதானத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். "தனியா இருந்தேன்னு போட்டுட்டாங்கல்ல" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு வருடம் சஸ்பெண்ட் என்று எழுதி, மறு வாரமே கூப்பிட்டுவிட்டார்கள். டவரில் உட்கார ஆள் இல்லையாம். சிரிக்கத்தான் தோன்றியது.

டிவியில் இப்போது வேறு விஷயம் பேசுகிறார்கள். நிதானம் போனதால் எங்களில் இன்னும் ஒருவர் குறைவு. பக்கத்து நாற்காலி பாதி நாள் காலிதான். ஆனால் யாரும் விளக்கேற்றுவதில்லை, எங்களுக்குள் முடிவு செய்துவிட்டோம். கீழிருந்து மேலாளர் போன் செய்கிறார். "ரெண்டாவது லைட் எரியலையே?" "ஆள் இல்லை சார்." "லைட்டு எரியலைன்னா நான் என்ன எழுதறது?" "ஆள் இல்லைன்னு எழுதுங்க சார்." வைத்துவிடுகிறார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். அலுத்துப் போகும்வரை சொல்வேன். விமானங்களை இடைவெளி விட்டு இறக்குகிறேன், தாமதம் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அப்பாவின் இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்ததாக எழுதியிருந்தாய். எழுத்தில் லீவு கேட்டேன். எழுத்திலேயே இல்லை என்றார்கள். கேட்காமல் வரலாம், ஆனால் அங்கே உட்கார்ந்து அப்பா கையைப் பிடித்திருக்கும்போது இங்கே இரண்டு நாற்காலியும் காலியாக இருக்கும். என்னால் முடியாது, அக்கா. நீயே பக்கத்தில் இரு. அவரிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை.

உன்
தம்பி


செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கையைப் பிடித்துக்கொள்ளப் போனால், "நீ போய் டீ குடி" என்று துரத்தினார்.

இன்று காலை கட்டைப் பிரித்தார்கள். இரண்டு கண்ணும் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். கேட்பதற்கு முன் நானே சொன்னேன்: "அவன் டவர்ல இருக்காம்ப்பா. வேலையில இருக்கான்."

அப்பா தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"தனியாவா?"

நான் பதில் சொல்லவில்லை. நீயே எழுது.

அக்கா